சிந்தாதிரிப்பேட்டை பைப்பில் கழுவிய குடும்பப் படம்

ஃபிலிம் கழுவ எந்த டாங்க் வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறீர்கள். இது ஜெர்மனியில் செய்தது, அது அமெரிக்காவில் செய்தது, இதில் நாலு தாள் போடலாம், அதில் ஆறு போடலாம் என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள். நான் அந்தப் பட்டியலை மடித்து உங்களிடமே கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் எத்தனை குளியலறை, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கூட இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறேன். கிழவி வழி சொல்லாமல் வம்பு பேசுகிறாள் என்று சிலர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் அலமேலு மாமி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தி. நகர்க் கடைகளுக்கு விளம்பரப் படங்களும், வீடு கட்டுகிறவர்களுக்குக் கட்டடப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தேனாம்பேட்டையில் ஒரு பழைய ஸ்டுடியோக்காரர் முழுக்கக் கலருக்கு மாறப்போகிறேன் என்று சொல்லித் தன் பெரிய கேமராவை விற்றார். துருத்தி வைத்தது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது. அதில் ரோல் கிடையாது. நாலுக்கு ஐந்து அங்குலத்தில் தாள் தாளாக ஃபிலிம். ஒரு படத்துக்கு ஒரு தாள். அதை நான் வாங்கிக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கும் இயந்திரத்தை அவர் விற்கவில்லை, வேண்டும்போது வந்து பிரிண்ட் போட்டுக்கொள் என்றார். கழுவும் தொட்டிகளை மட்டும் ஏற்கெனவே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார்.

மற்ற லேப்களில் தாள் ஃபிலிமைக் காட்டினால் எக்ஸ்ரேயா என்று கேட்டார்கள். ஆகவே வீட்டில்தான் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் இருட்டாக்கக்கூடிய ஒரே அறை குளியலறை. அதுவும் ஒன்றே ஒன்று.

முதலில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கினேன். முதல் தட்டில் படத்தை வரவழைக்கும் கரைசல், நடுவில் தண்ணீர், மூன்றாவதான பெரிய தட்டில் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. கும்மிருட்டில் கையால் தடவித் தடவித் தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு ஃபிலிம் எடுத்துவரப் போனேன். என் கணவர் மின்வாரியத்தில் வரைபடப் பிரிவில் இருந்தார். மூன்று பொருளைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால் அளவுவாரியாக அடுக்காமல் அவரால் நகர முடியாது. நான் திரும்புவதற்குள் பெரிய தட்டு, நடுத்தரம், சின்னது என்று அழகாக அடுக்கிவிட்டார். நான் விளக்கை அணைத்துவிட்டு ஃபிலிமை நேராக ஹைப்போவில் போட்டேன். கால் மணி நேரம் வியர்க்க வியர்க்க இருட்டில் குந்தியிருந்து வெளியே கொண்டுவந்தால், இரண்டு தாளும் ஜன்னல் கண்ணாடி மாதிரி துல்லியமாக இருந்தன. அவற்றின் வழியாகத் தெரு தெரிந்தது. இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்றார். நல்லவேளை, அவை வெறும் சோதனைத் தாள்கள்.

உதவி செய்யாதீர்கள் என்று நான் அவரிடம் அன்று சொன்னதன் பலன், அவர் இன்னும் பெரிய உதவிக்குத் தயாரானார். அவருடைய ஆபீஸ் நண்பர் சிங்கப்பூர் போனபோது சொல்லி, ஒரு டாங்க் வரவழைத்துவிட்டார். கறுப்புப் பெட்டி, உள்ளே தாள்களைச் செருகிவைக்கக் காடிகள், மேலே மூடி. ஒருமுறை இருட்டில் செருகி மூடிவிட்டால் பிறகு விளக்கு போட்டுக்கொண்டே கரைசலை ஊற்றலாம். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. நான் அதைத் துடைத்து ஷோகேஸில் வைத்தேன். கூட வந்த காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு வீண் தாளைப் போட்டுக் கழுவிப் பார்க்க மட்டும் செய்யவில்லை. அவ்வளவு விலையுயர்ந்த பெட்டியைச் சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வைகாசியில் மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், குடும்பம் முழுவதையும் ஒரு படம் எடுத்துக்கொடு என்று மாமி கேட்டார். ஹாலில் பெரிதாக மாட்ட வேண்டும், முப்பது பேர் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும். புதுக் கேமராவைக் காட்ட நானும் துடித்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

மாமி பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் ராகவன் நாக்பூரில் இருந்தார். தம்பி கோபாலன் அடையாறில். தம்பி மகன் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரை இரண்டாவது வரியில் அச்சடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. இந்தக் கல்யாணத்துக்கு இருவரும் வந்ததே பெரிய காரியம். ஒரே படத்தில் நிற்க மாமி கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தார். ஆனால் இருவருக்கும் ஒரே நிபந்தனை: அலமேலு பக்கத்தில், வலது பக்கம் நான்தான் நிற்பேன். ராகவன் மூத்தவர் என்ற உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, கோபாலன் தம்பியாக இருந்தாலும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மாமி கணக்கு டீச்சர் இல்லையா. ராகவனிடம், "நீ என் வலது கைப்பக்கம் நில்லு" என்றார். கோபாலனிடம், "படத்தைப் பாக்கறவாளுக்கு நீதான் வலது பக்கம்" என்றார். இருவரும் தாம்தான் ஜெயித்தோம் என்ற முகத்தோடு மாமியின் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் நாலு தாள் எடுத்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு. அடுத்தடுத்த இலையில் இருவரையும் மாமியே உட்கார வைத்தார். ராகவன் பாயசக் கிண்ணத்தை எடுக்கப் போய், அது கவிழ்ந்து கோபாலன் வேட்டியில் கொட்டிவிட்டது. வேண்டுமென்றே கொட்டினான் என்று கோபாலன் எழுந்தார். ராகவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவி, ரயிலுக்கு நாலு மணி நேரம் இருக்கும்போதே சென்ட்ரலுக்கு டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்.

இனி அந்த இரண்டு பேரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர யாராலும் முடியாது என்பது எனக்கும் புரிந்தது. என் கையில் இருந்த நாலு தாள்தான் மிச்சம்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் சிங்கப்பூர் டாங்கை ஷோகேஸிலிருந்து இறக்கினேன். நாலையும் அதில் போட்டுவிடு, ஒரே வேலையாக முடிந்துவிடும் என்றார் இவர். ஏதோ ஒரு பயத்தில் இரண்டை மட்டும் போட்டேன். என் முப்பது வருடத் தொழிலில் நான் எடுத்த மிகச் சரியான முடிவு அந்தப் பயம்தான்.

மே மாத மயிலாப்பூரில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரே முப்பத்திரண்டு டிகிரி. கரைசல் இருபதில் இருக்க வேண்டும். சூட்டில் ஃபிலிமின் மேல்பூச்சு பாலாடை மாதிரி இளகிவிடும். ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸையெல்லாம் போட்டு ஒருவழியாக இருபத்துநாலுக்கு இறக்கி ஊற்றினேன். டாங்கை ஆட்டச் சொல்லியிருந்தது, ஆட்டினேன். ஆட்டியதில் இரண்டு தாளும் காடியை விட்டு நழுவி, ஒன்றோடு ஒன்று முதுகும் முகமுமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூடிய பெட்டிக்குள் அது எனக்கு எப்படித் தெரியும். திறந்து பார்த்தபோது ஒன்றில் மாமியையும் இரண்டு சகோதரர்களையும் சேர்த்து மோர் கொட்டியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. மற்றதைப் பிரிக்கப் போனேன், பூச்சு என் நகத்தோடு வந்துவிட்டது.

மாடிப்படி அடியிலிருந்து மாமியின் குரல் கேட்டது. படம் வந்துவிட்டதா என்று கேட்டார். காய்கிறது என்றேன். பொய் இல்லை, காயத்தான் போட்டிருந்தேன்.

அன்று மத்தியானம் முழுக்க நான் அந்த டாங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டியது என்ன என்று அப்போதுதான் முதல் தடவையாக யோசித்தேன். ஒரு தாள் இன்னொன்றைத் தொடக்கூடாது. கரைசல் சூடேறக்கூடாது. குறைந்த தண்ணீரில் முடிய வேண்டும். இருட்டில் செய்கிற வேலை கொஞ்சமாக இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட நான் கடையில் கேட்டதில்லை, பட்டியலில் பார்த்ததும் இல்லை. தாளைச் சுருட்டிப் பார்த்தேன். குழல் மாதிரி சுருண்டது. ஒரு குழலுக்குள் ஒரு தாள் என்றால் எதோடு ஒட்டும்.

மறுநாள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பைப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும், காதில் பென்சில் செருகியிருந்தார். ஒன்றரை அங்குலப் பைப்பில் அரையடித் துண்டு நாலு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மூடி வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் மூடிட்டா தண்ணி எப்டிமா போவும்?"

தண்ணீர் போகக்கூடாது, உள்ளேயே இருக்க வேண்டும் என்றேன். அரையடிப் பைப்பிலா என்றார். ஃபிலிம் விவரத்தை முழுதும் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து இறங்கி வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளைப் பைப்பு பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நான் கையில் எடுத்தேன். அவர் அதை வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு முனையில் என் கண்ணை வைக்கச் சொன்னார். மறு முனையை உள்ளங்கையால் மூடினார். பைப்புக்குள் விடிந்தாற்போல இருந்தது.

"வெளிச்சம் ஆவாதுன்றே, வெள்ளைய எட்த்துக்கினு போறே. சாம்பக் கலர்தான் உனுக்கு. மூடி மரை போட்டது கீது, கைல திருவிக்கலாம். ஆனா ஊட்ல போய் மொதல்ல வெறும் தண்ணிய ஊத்தி ஒரு நாள் கவுத்து வையி. ஒழுவுச்சின்னா எடுத்துக்கினு வா."

இத்தனை நாள் இந்தத் தொழிலில் இருந்தவள் நான். பைப்பை வெயிலில் பிடித்துப் பார்க்கத் தோன்றியது அவருக்கு.

ஒரு பைப்பு ஒழுகியது. மாற்றிக்கொண்டு வந்தேன். பிறகு வீண் தாள்களை வைத்து மூன்று நாள் பழகினேன். படம் எடுக்காத தாளை உள்ளே வைத்து மொட்டைமாடி வெயிலில் பைப்பைக் கிடத்தி, கழுவிப் பார்த்தேன். வெளிச்சம் புகுந்து தாள் கறுக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மூடி திருகப் பழகினேன். இவர் கையில் கடிகாரத்தோடு எதிரில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டார். கீழே மாமி தினம் ஒரு தடவை கேட்டார், நான் தினம் ஒரு தடவை காய்கிறது என்றேன். மூன்றாம் நாள், "வசந்தா, வடாமே ரெண்டு நாள்ல காஞ்சுடறது" என்றார். நான் படியில் இறங்கிப்போய், இரண்டு தாள் கெட்டுவிட்டது, இரண்டு இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். மாமி சரி, அவசரப்படாதே என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது குளிர்ச்சி. பைப்புகளைப் பெரிய டப்பில் ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட்டு உருட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் ஐஸ் போதாது. கவலைப்படாதே என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போன என் கணவர், அரை மணியில் சாக்கில் சுற்றிய ஒரு பெரிய ஐஸ்கட்டியோடு வந்தார். எங்கே கிடைத்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடற்கரைப் பக்கம் மீன் விற்கிற அம்மாவிடம் வாங்கியிருக்கிறார் என்பது படியேறும்போதே தெரிந்தது. கீழே மாமி வீட்டில் வெங்காயமே சில நாள் உள்ளே வராது.

வேறு வழியில்லை. உடைத்து டப்பில் போட்டோம். இருட்டில் மூன்றாவது தாளைக் கரைசல் ஊற்றிய பைப்புக்குள் விட்டு மூடினேன். விளக்கைப் போட்டு, டப்பில் மிதக்கவிட்டு இரண்டு கையாலும் உருட்ட ஆரம்பித்தேன். ஏழு நிமிடம் கை எடுக்கக்கூடாது. மூன்றாவது நிமிடத்தில் மாமி மேலே வந்து குளியலறை வாசலில் நின்றார். மாடிக்கு வரும் வழக்கமே இல்லாதவர். மூக்கைச் சுளித்தார். பிறகு டப்பைப் பார்த்தார். ஐஸ் உருகியதில் அதற்குள்ளிருந்து ஒரு நெத்திலி விடுபட்டு, பைப்புக்குப் பக்கத்தில் மெதுவாக மிதந்துகொண்டிருந்தது.

"அது என்ன மிதக்கறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "தெர்மாமீட்டர் மாமி" என்றார்.

மாமி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார். "தெர்மாமீட்டருக்குக் கண்ணு இருக்கு" என்றார். நான் உருட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் தாள் போயிருக்கும். மாமி நிமிர்ந்து, "நான் எதையும் பாக்கலை. நீ உன் காரியத்தைப் பாரு" என்று சொல்லிக் கீழே போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் சாம்பிராணி கொஞ்சம் அதிகமாகவே புகைந்தது.

தாள் நன்றாக வந்தது. ஒரு கீறல் இல்லை, முப்பது முகமும் தெளிவு. ஆனால் நடுவில் மாமி கண்ணை மூடியிருந்தார்.

இதுவே போதும், கடைசித் தாளைத் தொடாதே என்றார் இவர். இவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு நல்ல படம் கையில் இருக்கிறது, அடுத்தது கெட்டால் இருந்த பெயரும் போய்விடும். ஆனால் முதல் தாள் கெட்டபோது அது ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது நன்றாக வந்தபோது ஏன் நன்றாக வந்தது என்று தெரிந்திருந்தது. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் நாலாவதையும் போட்டேன். அதே ஐஸ், அதே ஏழு நிமிடம். மாமி கண் திறந்திருந்தது. நான் குளியலறைத் தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இவர் நெத்திலியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்த் தெருப்பூனைக்குப் போட்டார்.

தேனாம்பேட்டை போய்ப் பிரிண்ட் போட்டேன். தூசியால் விழும் வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் மை தொட்டு ஒவ்வொன்றாக மறைத்தேன். மூன்று பிரதி. ஒன்று மாமிக்கு, ஒன்று நாக்பூருக்கு, ஒன்று அடையாறுக்கு.

பத்து நாள் கழித்து கோபாலன் எங்கள் மாடிக்கு வந்தார், கையில் செய்தித்தாள் சுற்றிய படத்தோடு. வலது பக்கக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் படத்தை மேஜையில் விரித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, அண்ணன் முகத்தின் மேல் வைத்தார்.

"இந்த எடது கண்ணுல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியறது பாருங்கோ. இது உங்க படத்துல விழுந்த அழுக்கா, இல்ல கண்ணுலயே இருக்கா?"

எனக்கு முகம் சுட்டது. தூசிப் புள்ளியை எல்லாம் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன், ஒன்று தப்பிவிட்டது என்றுதான் தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், எதற்கும் பார்த்துவிடலாம் என்று நெகட்டிவை எடுத்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி அதிலும் இருந்தது. ஒரு தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாமி கண்ணை மூடிய அந்த மூன்றாவது தாளைத் தேடி எடுத்தேன். அதில் ராகவன் தலையைச் சற்றுத் திருப்பியிருந்தார். புள்ளி அதிலும் இருந்தது, கண்ணோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

"இது படத்துல இல்ல சார். அவர் கண்ணுலதான் இருக்கு" என்றேன்.

அந்தச் சிங்கப்பூர் டாங்கில் கழுவிய தாளாக இருந்தால் இதை நான் சொல்லியிருக்க முடியாது. எல்லாப் புள்ளியும் என் புள்ளியாகத்தான் இருந்திருக்கும். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். எந்தக் கருவியை வாங்கினாலும், அதில் வரக்கூடிய தப்பு எல்லாவற்றையும் உங்கள் கையால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்போதுதான் ஒருவர் வந்து கேட்கும்போது, இது என் தப்பு இல்லை என்று தைரியமாகச் சொல்ல வாய் வரும்.

கோபாலன் பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "அப்போ அன்னிக்குப் பாயசம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். படத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குள் போனார். கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சண்டை போடுகிறார் என்றார் என் கணவர். பதினோரு வருடமாக அதுகூட இல்லையே என்றேன்.

ஆடி முடிவதற்குள் ராகவனை அடையாறுக்கு வரவழைத்து, கண்புரை ஆபரேஷன் செய்து முடித்தார்கள். ஒரு மாதம் தம்பி வீட்டிலேயே இருந்தார். மருந்து விடும் நேரத்துக்கு ஒரு தரம், காபி நேரத்துக்கு ஒரு தரம் இருவரும் சண்டை போடுவதாக மாமி சந்தோஷமாகச் சொன்னார். கட்டு பிரித்த பிறகு ஒருநாள் இருவரும் மயிலாப்பூர் வந்தார்கள். மாமி ஹாலில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் ராகவன் நின்றுகொண்டு என்னைக் கீழே கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது பின்னால் கைகட்டி, படத்தில் தம்பி நிற்கும் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் நன்னாத்தான் இருக்கு. ஆனா கோபாலன் தலை இப்படி வெளுத்துப் போயிருக்கே. கழுவினதுல ஏதாவது கோளாறாம்மா?"

கோபாலன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இல்ல சார்" என்றேன். "கழுவினது சரியாத்தான் இருக்கு."